தனித்தவர்க்குத் துணை நின்ற சகோதரி சுப்புலட்சுமி

தனிமை என்பது காட்டிலும் மலையிலும் மட்டும் இருப்பதன்று. வீடு நிறைய மனிதர் இருந்தும், மனத்தில் உள்ளதைச் சொல்லியழ ஒருவர் இல்லாத பிள்ளையும் தனித்த பிள்ளையே. பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பருவத்தில் இந்தத் தனிமை மிகவும் கொடியது. சின்னக் குழந்தையாக மடியில் கிடந்து அழவும் இயலாது. பெரியவளாக நின்று எதிர்த்துப் பேசவும் இயலாது. அந்த வயதில் நம்பி அணைத்துக்கொள்ள ஒரு கை கிடைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் உள்ளுக்குள்ளேயே வாடிப் போவாள்.

இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் தமிழகத்தில் இவ்வாறு வாடிக் கிடந்த சிறுமியர் பல்லாயிரவர். அவர்களுள் நால்வரைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு, பின்பு கடற்கரையில் ஒரு மாளிகையையே அவர்களுக்கு இல்லமாக்கித் தந்த ஒரு பெருமாட்டியின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவரே சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். துறவற சபை எதையும் சேராதவராயினும், நாடு முழுவதும் அவரைச் சகோதரி என்றே அழைத்தது.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி அம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டம் ரிஷியூர். பெற்றோருக்கு இவரே மூத்த மகள்.

தந்தையார் பொறியியல் படித்தவர். பெண் பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊரார் கேட்ட காலத்தில், தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பியவர். மகளும் தந்தையின் நம்பிக்கையைக் காப்பாற்றினாள். ஒன்பது வயதில் எழுதிய நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினாள்.

ஆனால் படிப்பில் முதலாவதாக வந்தாலும் வழக்கம் என்னும் சங்கிலியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. பதினோராம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள்ளாகவே கணவன் இறந்துபோனான். இல்லறம் என்றால் என்னவென்றே அறியாத சிறுமிக்குக் கைம்பெண் என்னும் பெயர் வந்து சேர்ந்தது.

கைம்பெண் சிறுமியரின் நிலை

அந்நாளில் உயர்குலம் என்று சொல்லிக்கொண்ட குடும்பங்களில் கைம்பெண்ணின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை இக்கால மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும். பூவும் பொட்டும் வண்ணச் சேலையும் அவளுக்கு இல்லை. பருவமடைந்ததும் தலையை மழித்துவிடுவார்கள். திருமணம், காதுகுத்து, சீமந்தம் ஆகிய எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்னே வரக்கூடாது. வெளியே புறப்படுகிறவர் அவள் முகத்தில் விழித்தால் சகுனம் கெட்டது என்று திரும்பிவிடுவார். சமையற்கட்டிலும் பின்கட்டிலும் ஓயாத வேலை, ஒருவேளை உணவு.

இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்றுண்டு. கணவன் இறந்ததற்கு அவளுடைய பாவமே காரணம் என்று வீட்டாரே சொல்வார்கள். பெற்ற தாயே அவளைப் பார்க்கும்போதெல்லாம் அழுவாள். சில வீடுகளில் ஏசுவாள். உடன் விளையாடிய தோழியர் விலக்கி வைக்கப்படுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தான் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலேயே குற்றவாளியாகி, வீட்டின் இருண்ட மூலையில் அமர்ந்திருப்பாள். குடும்பமே அவளுக்குச் சிறைச்சாலை ஆகிவிடும்.

சுப்புலட்சுமியின் வீட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருந்தது. அவருடைய சித்தி வாலாம்பாள் இளம் வயதில் கணவனை இழந்து அந்த வீட்டில் வாழ்ந்துவந்தார். தம் மகளும் அதே பாதையில் போக வேண்டுமா என்னும் கேள்வி பெற்றோர் முன் நின்றது. அவர்கள் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மகளின் கூந்தலை மழிக்கவில்லை. மூலையில் உட்கார வைக்கவில்லை. தந்தை புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். சித்தி அவளுக்கு உற்ற துணையானார். உறவினரும் அண்டை அயலாரும் சொன்ன ஏச்சுகளை அக்குடும்பம் பொறுத்துக்கொண்டது.

சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் சிறுமியருக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. துன்பம் வந்த நாளில் அவருடைய வீடு அவரைக் கைவிடவில்லை. தமக்குக் கிடைத்த அதனைக் கிடைக்காதவர்க்குக் கொடுப்பதே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

கன்னியர் மடப் பள்ளியில்

மேற்படிப்பிற்காகத் தந்தையார் அவரைச் சென்னை பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார். அயர்லாந்து நாட்டிலிருந்து 1842-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் நடத்திய கல்வி நிலையம் அது. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1844-இல், நம் புதுச்சேரியில் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களுக்குக் கல்வி புகட்டுவதற்கென்றே மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையைத் தொடங்கினார் என்பதையும் நம் மாணவியர் நினைவிற்கொள்ளலாம். பெண்கள் படித்தால் குடும்பம் கெடும் என்று பலர் நம்பிய காலத்தில் எடுத்துவைக்கப்பட்ட முதல் அடிகள் இவை.

ஒரு பிராமணக் கைம்பெண் கிறிஸ்தவக் கன்னியரிடம் படிப்பதா என்று சாதியார் சினந்தார்கள். சுப்புலட்சுமி தம் சமய ஒழுக்கத்தை விடாமலே படித்தார். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் அங்கே கண்ட ஒரு காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கணவனும் பிள்ளைகளும் இல்லாத பெண்கள் அங்கே வெண்ணுடை தரித்து வாழ்ந்தார்கள். ஆனால் அவர்களை ஒருவரும் சகுனத் தடை என்று சொல்லவில்லை. பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டு, கற்பித்து, நோயில் பார்த்து, மதிப்போடு வாழ்ந்தார்கள். குடும்பம் இல்லாத பெண்ணும் பலருக்குக் குடும்பமாக முடியும் என்பதை அவர் கண்ணாரக் கண்டார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. தம் படிப்பைக் கொண்டு தமக்கு மட்டும் ஒரு நல்வாழ்வை அமைத்துக்கொள்ள அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் மனமோ மூலையில் உட்கார்ந்திருந்த சிறுமியரை நாடியது.

நால்வரோடு தொடங்கிய இல்லம்

கைம்பெண் சிறுமியரைப் படிக்க வைக்க வேண்டும் என்னும் எண்ணம் கொண்ட மற்றொருவர் அப்போது சென்னையில் இருந்தார். அவர் பெண் கல்வித் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றிய மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச். பள்ளிகளில் ஆசிரியைகள் போதாமல் அரசாங்கம் திண்டாடியது. மறுபுறம் ஆயிரக்கணக்கான சிறுமியர் செய்வதற்கு ஒன்றுமின்றி வீடுகளில் முடங்கிக் கிடந்தார்கள். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த லிஞ்ச் அம்மையாரும் சுப்புலட்சுமி அம்மையாரும் கைகோத்தனர்.

சென்னை எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கே சிறுமியரோடு இல்லம் தொடங்கியது. 1912-ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கமும் நிறுவப்பட்டது. சித்தி வாலாம்பாள் வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரு காலத்தில் தாமே விலக்கி வைக்கப்பட்ட அந்த அம்மாள், இப்போது பல பிள்ளைகளுக்கு அன்னமிடும் தாயானார்.

செய்தி மெல்லப் பரவிற்று. வெளி மாவட்டங்களிலிருந்தும் தந்தையர் தம் பெண்களை அழைத்து வந்தார்கள். தென்பகுதியிலிருந்து எழும்பூர் செல்லும் இரயில் நம் விழுப்புரம், திண்டிவனம் வழியாகவே சென்றது. காவிரிக் கரையிலிருந்து அப்படிப் புறப்பட்ட சிறுமியர் நம் ஊர் நிலையத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள். என்ன நேருமோ என்ற அச்சத்தோடு, தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியை நாம் மனக்கண்ணால் காணலாம்.

பனிக்கட்டி மாளிகை

பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகவே வீடு போதவில்லை. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்றொரு கட்டடம் இருந்தது. 1842-ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது அது. பனிக்கட்டி வாணிகம் நின்றபின் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் அதனை வாங்கி மாளிகையாக்கினார். 1897-இல் விவேகானந்த அடிகள் அங்கே தங்கிச் சொற்பொழிவாற்றினார். அக்கட்டடத்தை அரசாங்கம் 1917-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, கைம்பெண் சிறுமியரின் விடுதிக்கென்று கொடுத்தது.

காற்றும் வெளிச்சமும் புகாத பின்கட்டில் வாழ்ந்த பிள்ளைகள் இப்போது கடலைப் பார்த்துக் கண் விழித்தார்கள். பனிக்கட்டியைக் காத்த வீடு, உறைந்து போன உள்ளங்களை உருக வைக்கும் வீடாக மாறியது.

நம்பிக்கை வளர்ந்த வழி

இடம் கிடைத்தது, உணவு கிடைத்தது, படிப்பும் கிடைத்தது. ஆனால் மனக்காயம்பட்ட பிள்ளைகள் ஒருவரை எளிதில் நம்புவதில்லை. பெற்றவரே கைவிட்டபின் மற்றவரை எப்படி நம்புவது? சுப்புலட்சுமி அம்மையார் அந்த நம்பிக்கையை எவ்வாறு பெற்றார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

முதலாவது, அவர் அப்பிள்ளைகளோடேயே வாழ்ந்தார். மாலையானதும் வீடு திரும்பும் ஆசிரியையாக இல்லை. அவர்கள் உண்ட இடத்தில் உண்டு, அவர்கள் துயின்ற இல்லத்தில் துயின்றார். இரவில் அழுத பிள்ளைக்கு எழுந்து வருவதற்கு ஒருவர் இருந்தார்.

இரண்டாவது, அவரும் அவர்களில் ஒருவராக இருந்தார். அவரும் சிறுமியாகவே கணவனை இழந்தவர். வெண்ணிறச் சேலை உடுத்தியவர். இவருக்கு நம் துயரம் தெரியும் என்று பிள்ளைகள் உணர்ந்தார்கள். அவரைப் பார்க்கும்போதெல்லாம், தங்கள் வாழ்வும் இப்படி உயரலாம் என்னும் எண்ணம் அவர்களுக்குள் பிறந்தது.

மூன்றாவது, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையானார்கள். விடுதி வாழ்க்கையை அறிந்த நம் மாணவியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரிலே தான் ஒருத்தியே பாவி என்று எண்ணியிருந்த சிறுமி, இங்கே தன்னைப் போன்ற பலரைக் கண்டாள். ஒருத்தியின் கதை மற்றவளுக்குப் புரிந்தது. வெட்கப்பட வேண்டியது தாங்களல்லர், தங்களை ஒதுக்கிய வழக்கமே என்னும் உண்மை அவர்களுக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது. விவிலியத்தில் ரூத்தும் நகோமியும் கணவரை இழந்த இருவராக, ஒருவரை ஒருவர் விடாமல் பெத்லகேமை நோக்கி நடந்தார்களே, அதுபோல இப்பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு புதுவாழ்வை நோக்கி நடந்தார்கள்.

நான்காவது, அம்மையார் பிள்ளைகளின் குடும்பத்தைப் பகைத்துக்கொள்ளவில்லை. இது மிக அருமையான செய்தி. பெற்றோரைத் திட்டுவது எளிது. அவர்கள் மனத்தை மாற்றுவது அரிது. சமய ஆசாரங்கள் இல்லத்தில் கவனமாகக் கடைப்பிடிக்கப்பட்டன. அதனால் பழமையில் ஊறிய தந்தையரும் அச்சமின்றித் தம் பெண்களை ஒப்படைத்தார்கள். எந்தப் பிள்ளையைப் பாரமென்று எண்ணினார்களோ, அதே பிள்ளை படித்து ஆசிரியையாகி நின்றதைக் கண்டபோது குடும்பங்களின் பார்வையும் மாறியது.

இல்லத்திற்கும் ஒரு வரம்பு இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணச் சிறுமியருக்கென்றே நடத்தப்பட்டது. மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு அம்மையார் கொடுத்த விலை அது என்று சொல்லலாம். இன்று நம் பள்ளியில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்போது, அந்த விலை எவ்வளவு பெரியது என்பது நமக்கு விளங்கும். ஆனால் அம்மையாரின் அன்பு அந்தச் சுவருக்குள் நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸ் அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி உருவாக அவர் முயன்றார்.

வளர்ந்த பணிகள்

1922-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராக அம்மையாரே பொறுப்பேற்றார். மூலையில் முடங்கியிருந்த பெண்கள் பயிற்சி பெற்ற ஆசிரியைகளாக வெளிவந்து, பல ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றினார்கள். தமக்குக் கிடைத்த அன்பைத் தம் வகுப்பறைகளுக்கு எடுத்துச் சென்றார்கள்.

விடுதியில் சேர வயது கடந்துவிட்ட கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் எங்கே போவார்கள் என்னும் கவலை அம்மையாரை வாட்டியது. அவர்களுக்காகச் சாரதா வித்யாலயம் உருவாயிற்று. அது பின்னாளில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்ந்தது.

நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல் நோயின் காரணத்தையும் களைய வேண்டும் அல்லவா? குழந்தை மணம் இருக்கும்வரை குழந்தைக் கைம்பெண்களும் இருப்பார்கள். ஆகவே குழந்தை மணத் தடைக்காக அவர் ஊர் ஊராகப் பேசினார். அரசாங்கம் அமைத்த ஜோஷி குழுவின் முன் தோன்றிச் சாட்சியமளித்தார். 1929-இல் நிறைவேறி 1930-இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்று வரையறுத்தது. இன்றைய சட்டப்படி அது பதினெட்டு.

ஓய்வு பெற்றபின்பும் அவர் ஓயவில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை நிறுவினார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் சார்பில் தொடங்கிய பள்ளி 1956-இல் வித்யா மந்திர் என்னும் பெயர் பெற்றது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும், 1958-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, தமது எண்பத்து மூன்றாம் வயதில் இவ்வுலகை நீத்தார். தமக்கென்று ஒரு பிள்ளையைப் பெறாத அவர் பலநூறு பிள்ளைகளுக்குத் தாயாகவும் தமக்கையாகவும் விளங்கினார்.

நமக்குரிய பாடம்

அன்பு மாணவியரே! தலை மழித்த சிறுமியரை இன்று நாம் காண்பதில்லை. ஆனால் தனித்த பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் பெற்றோர் வெளியூர் சென்றுவிட, பாட்டியின் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் கெடாரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உண்டு. தந்தையின் குடிப்பழக்கத்தால் இரவெல்லாம் சண்டை கேட்டுவிட்டு, காலையில் பள்ளிக்கு வந்து வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவிடுவார்களோ என்று அஞ்சும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் உங்கள் வகுப்பிலேயே, உங்கள் பெஞ்சிலேயே இருக்கலாம்.

அத்தகைய தோழியிடம் உன் வீட்டில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்க வேண்டாம். உணவு இடைவேளையில் அவளருகில் அமருங்கள். விளையாட்டிற்கு அவளையும் அழையுங்கள். அவளாகவே சொல்லும் நாளில் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டதை ஊர் முழுக்கச் சொல்லாதீர்கள். நம்பிக்கை என்பது ஒரே நாளில் முளைப்பதில்லை. நாள்தோறும் ஊற்றும் சிறு நீரால் வளர்வது அது.

ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அடியோ, தகாத நடத்தையோ, கட்டாயத் திருமணமோ என்றால் அது தோழியருக்குள் மறைத்து வைக்கக்கூடிய இரகசியமாகாது. நீங்கள் நம்பும் ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ உடனே சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தெரிவிக்கலாம். இது காட்டிக்கொடுப்பதாகாது, கைகொடுப்பதாகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுப்புலட்சுமி என்னும் சிறுமி ஒரு பெரும் துன்பத்தைச் சந்தித்தபோது, அவருடைய தந்தையும் தாயும் ஊரார் வாய்க்கு அஞ்சாமல் மகளின் பக்கம் நின்றார்கள். அவர்கள் அன்று அஞ்சியிருந்தால் ஐஸ் ஹவுஸ் இல்லமும் இல்லை, அங்கே தலைநிமிர்ந்த பிள்ளைகளும் இல்லை. வறுமையைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். கைவிடப்படுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காட்டப்பட்ட நம்பிக்கை எத்தனை பிள்ளைகளுக்கு நிழலாயிற்று என்பதற்கு அம்மையாரின் வாழ்வே சான்று.

இந்நாளிலும் சென்னைக் கடற்கரையில் அந்த மாளிகை விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கிறது. சென்னைக்குச் சுற்றுலா செல்லும் மாணவியர் அதனைக் காணும்போது, அந்தச் சாளரங்களின் அருகே நின்று முதன்முறையாகக் கடலைப் பார்த்த சிறுமியரையும், அவர்களுக்குப் பின்னே நின்ற வெண்சேலைச் சகோதரியையும் நினைத்துக்கொள்ளட்டும். துன்பப்படும் ஒரு பிள்ளைக்கு நல்ல சகோதரியாய் நிற்கும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!